இருபத்தைந்தா, ஐம்பதா

தங்கை வேனை வாங்கிக்கொண்டு வந்த நாளிலிருந்து அண்ணன் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. சொல்ல வேண்டியதை எல்லாம் வேனிடம் சொன்னான். அவன் குழாய்கள் அடுக்கும் முற்றத்தில் பாதியை அது அடைத்துக்கொண்டு நின்றது. காலையில் பல் தேய்த்துக்கொண்டே வருவான், முன் சக்கரத்தை ஓர் உதை உதைப்பான், பிறகு அதன் முகப்பு விளக்கைப் பார்த்து, "இதுல போய்க் குடித்தனம் பண்ணப் போறாங்களாம், மகாராணி" என்பான். மகாராணி முன்னறையில் தையல் மிஷினை இன்னும் வேகமாக மிதிப்பாள்.

அவன் குழாய் வேலை செய்பவன். தெருவுக்கு அவன் பெயர் பைப்பு. அவள் தையல்காரி. அவளுக்கு அவன் வைத்த பெயர் பட்டன். சின்ன வயதில் ஒரு பொத்தானை விழுங்கிவிட்டதற்காக வைத்தது. தலையில் நரை விழுந்த பிறகும் அந்தப் பெயரை அவன் விடவில்லை. முன்னறையில் அவள் துணிகள், பின்கட்டில் அவன் குழாய்கள், நடுவறைச் சன்னலோரம் நாற்காலியில் அப்பா. இடுப்பெலும்பு முறிந்து எழுந்து நடக்க முடியாமல் போனவர். கால்தான் போனதே தவிர நாக்குக்கு ஒரு குறையும் இல்லை. அண்ணனுக்குப் பெண் கொடுக்க வந்தவர்கள் எல்லாம் அப்பாவோடு கொஞ்ச நேரம் பேசிவிட்டு, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனவர்கள்தான்.

அந்த அப்பாவைக் குளிப்பாட்டுவது, திருப்பிப் படுக்க வைப்பது, சூப்பில் உப்பு இல்லை என்று அவர் கத்தும்போது உப்பு போடுவது, உப்பு அதிகம் என்று கத்தும்போது வாயை மூடிக்கொண்டிருப்பது எல்லாம் இத்தனை வருஷமாக அவள் பாடு. அண்ணன் காலையில் ஒரு முறை எட்டிப் பார்த்து, "என்னப்பா, எப்படி இருக்க?" என்பான். "சாகல" என்பார் அப்பா. மகன் கடமை அத்தோடு முடிந்தது.

இப்போது அவளுக்கு ஒரு வேலை வந்திருந்தது. ஊர் ஊராகப் போகிற ஒரு நாடகக் குழு. வெட்டவெளியில் கூடாரம் அடிப்பார்கள். அவர்களுடைய ஜெனரேட்டர் மேடை விளக்குக்கே போதாது. உடைகளைத் தைக்க, பிரிக்க, இஸ்திரி போட ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளுக்குச் சொந்த வண்டியும் சொந்தக் கரண்டும் இருக்க வேண்டும். குழுவின் மேனேஜரம்மா போனில் தெளிவாகச் சொல்லிவிட்டாள்: "தையல் யார் வேணும்னாலும் தைப்பாங்க. மேடை ஏறுறதுக்கு முன்னாடி கோட்டு மடிப்பு நிக்கணும். உங்க வண்டியில இஸ்திரி ஓடும்னா வாங்க. ஓடாதுன்னா இன்னொருத்தி ரெடியா இருக்கா."

வேனில் படுக்கை போட்டாகிவிட்டது. அடுப்பு வைத்தாகிவிட்டது. பின்பக்கம் இஸ்திரி மேசையும் வந்துவிட்டது. கரண்ட் மட்டும் பாக்கி.

அன்று சாப்பாட்டு மேசையில் அண்ணன் முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்துப் பேசினான்.

"அப்போ அப்பா?"

"உனக்கும் அவர் அப்பாதானே."

"என் தலையில கட்டிட்டு ஊர் சுத்தப் போற."

"இத்தன நாள் என் தலையில இருந்தாரே, அப்ப உன் தலை எங்க போயிருந்துச்சு?"

"நான் என்ன மூட்டையாடா, ஒரு தலையிலேருந்து இன்னொரு தலைக்கு மாத்த?" என்றார் அப்பா. அவரை யாரும் கண்டுகொள்ளவில்லை.

அண்ணன் ரொட்டியைப் பிய்த்துப் போட்டுவிட்டு எழுந்தான். "சரி. ஒரு பேச்சு பேசிக்குவோம். வண்டிக்குக் கரண்ட் வேலை நான் செய்றேன். வேற எவனும் என் முற்றத்துல கால் வெக்கக் கூடாது. உன் இஸ்திரிப்பெட்டி அதுல ஓடுச்சுன்னா நீ போ. அப்பாவ நான் பாத்துக்கறேன், வாயே தொறக்க மாட்டேன். ஓடலைன்னா வண்டிய வித்துட்டு மிஷின்ல உக்காரு. அப்புறம் நாடகம், கூடாரம்னு ஒரு வார்த்த வரக்கூடாது."

"நீ வேணும்னே கெடுத்துட்டா?"

"வேணும்னு கெடுத்தா நான் தோத்ததா அர்த்தம். போதுமா?"

"நான் சாட்சி" என்றார் அப்பா, உற்சாகமாக. அவருக்கு வெகுநாளாக ஒரு சண்டையில் நல்ல இடம் கிடைத்திருக்கவில்லை.

அவனிடம் வேலையை ஒப்படைப்பது அவளுக்கும் பிடிக்கவில்லைதான். ஆனால் அவன் வாக்குக் கொடுத்துவிட்டால் அப்பாவை விட்டுவிட்டுப் போகலாம். அந்த ஒரு வாக்குக்காக அவள் சம்மதித்தாள்.

*

ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால், படுக்கைக்கு அடியில், இரண்டு பெரிய பேட்டரிகள். பின்பக்கம் இஸ்திரி மேசைக்கு அடியில் இன்வெர்ட்டர். பேட்டரியில் இருக்கிற பன்னிரண்டு வோல்ட்டை வீட்டுக் கரண்டாக மாற்றித் தருவது அதுதான். இரண்டுக்கும் நடுவில் எந்தத் தடிமனில் கேபிள் போடுவது என்பதுதான் கேள்வி.

"உன் இஸ்திரி என்ன வாட்?" என்று கேட்டான். கேள்வி என்னவோ இஸ்திரிப்பெட்டியிடம் கேட்கப்பட்டது.

"ஆயிரத்து அறுநூறு."

"பூதம்." சாக்பீசால் வேனின் உள்சுவரில் வகுத்தான். "பன்னண்டால வகுத்தா நூத்து முப்பத்துமூணு ஆம்பியர். இன்வெர்ட்டர் தன் பங்குக்குக் கொஞ்சம் தின்னும். நூத்தம்பதுன்னு வெச்சுக்க."

"வீட்டுல இதே பெட்டி இத்தினூண்டு ஒயர்லதானே ஓடுது?" அவள் தன் சுண்டுவிரலைக் காட்டி, அதில் பாதியைக் கிள்ளிக் காட்டினாள்.

அவன் இதற்காகவே காத்திருந்தவன்போல நிமிர்ந்தான். "வீட்டுல வர்ற பிரஷர் என்ன? இருநூத்து முப்பது. இங்க பன்னண்டு. பிரஷர் கொறஞ்சா அதே தண்ணி வந்து சேர பெரிய பைப்பு வேணும். பட்டனை முழுங்கினவளுக்கு இதெல்லாம் எங்க ஏறப் போகுது."

"ஏறுச்சு. மேல சொல்லு."

"பைப்பு நீளமானா வழியில பிரஷர் தேயும். நூத்துக்கு மூணு தேயலாம். அதுக்கு மேல தேஞ்சா அந்தப் பக்கம் இன்வெர்ட்டர் 'எனக்குப் பத்தலே'ன்னு கத்திட்டுப் படுத்துரும். அதனால தூரம் முக்கியம். டேப்பப் பிடி."

அவள் டேப்பின் நுனியைப் பேட்டரி முனையில் பிடித்துக்கொண்டாள். அவன் அதைத் தரையோடு ஓட்டி, பின்சக்கரத்துக்கு மேல் தரை புடைத்து நிற்கும் சக்கரமேட்டைச் சுற்றி வளைத்து, மேசைக் காலோரம் ஏற்றி, இன்வெர்ட்டர் முனையில் கொண்டுபோய் வைத்தான்.

"எவ்ளோ?" என்றாள்.

"மூணரை மீட்டர்."

"மூணரை" என்று அவளும் சொன்னாள்.

இன்வெர்ட்டரோடு வந்த அட்டையை விரித்து விரலை ஓட்டினான். நூற்றைம்பது ஆம்பியர், மூன்றரை மீட்டர், நூற்றுக்கு மூன்று. விரல் நின்ற இடத்தில் இருபத்தைந்து என்றிருந்தது. செம்பின் குறுக்குவெட்டு இருபத்தைந்து சதுர மில்லிமீட்டர். கடைக்குப் போய்ச் சிவப்பில் ஒன்று, கறுப்பில் ஒன்று என்று இரண்டு துண்டு வாங்கி வந்தான். ஒவ்வொன்றும் அவள் கட்டைவிரல் தடிமன்.

அவன் வேலை செய்வதைப் பார்க்க அவளுக்கு எரிச்சலாக இருந்தது, குறை சொல்ல ஒன்றும் கிடைக்காததால். குழாய்க்குக் கிளிப் அடிப்பதுபோல ஒரே இடைவெளியில் கிளிப் அடித்தான். எங்கேயும் கேபிளை ஒடிய வளைக்கவில்லை. சக்கரமேட்டைச் சுற்றும் இடத்தில் தகரம் உரசாதபடி ரப்பர் சுற்றினான். முனைகளில் லக் என்கிற செம்பு வளையத்தை வைத்து நெருக்கிவிட்டு, தொங்கிப் பார்ப்பதுபோல இழுத்துப் பார்த்தான். இவன் ஓட விடக் கூடாது என்று நினைத்தால் இவ்வளவு அக்கறையாகச் செய்வானா? பிறகு நினைத்துக்கொண்டாள்: அக்கறையாகச் செய்தால்தானே யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

*

மேனேஜரம்மா ஒரு டிரங்குப் பெட்டி அனுப்பியிருந்தாள். அடுத்த நாடகத்துக்கான கோட்டுகள். சாம்பல் நிறம், கனத்த கம்பளி, தோளில் பட்டை வைத்தவை. "பெட்டி காலியாகிற வரைக்கும் உங்க வண்டிக் கரண்ட்லயே இஸ்திரி போட்டு அனுப்புங்க. அதான் பரீட்சை" என்று சொல்லியிருந்தாள்.

எஞ்சினை நிறுத்தினாள். வேனின் பின்கதவைத் திறந்து வைத்தாள். முற்றத்தில் அண்ணன் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தான். சன்னலில் அப்பா தலையை நீட்டினார்.

இஸ்திரிப்பெட்டி சூடாயிற்று. முதல் கோட்டில் நீராவி 'புஸ்'ஸென்று ஏறியது. வேனுக்குள், தன் வேனுக்குள், யாருடைய சுவரிலிருந்தும் ஒயர் இழுக்காமல், ஒரு கோட்டு விறைத்து நின்றது. இரண்டாவது. மூன்றாவது. கம்பளிக்கு நீராவி நிறைய வேண்டும். பெட்டி ஓய்வே இல்லாமல் கரண்டைக் குடித்தது. மேசைக்கு அடியில் இன்வெர்ட்டரின் விசிறி இரைந்தது. அவள் நினைப்பு எங்கோ போய்விட்டது. ஒரு மலைச்சரிவு, கூடாரத்து ஓரம், ஈரப் புல், எங்கேயோ யாரோ வசனம் ஒப்பிக்கிற குரல். அங்கே அப்பா இல்லை, அண்ணன் இல்லை, அவளைப் பட்டன் என்று கூப்பிட ஆள் இல்லை.

இன்வெர்ட்டர் கத்தத் தொடங்கியது.

கீச்சென்ற, விடாத கத்தல். அவள் பெட்டியைத் தூக்கினாள். கத்தல் நின்றது. மறுபடி வைத்து நீராவியை அழுத்தினாள். மறுபடி கத்தியது. கத்திக்கொண்டே இருந்துவிட்டு, 'டக்'. விசிறி நின்றது. இஸ்திரியின் சிவப்பு விளக்கு அணைந்தது. டிரங்குப் பெட்டியில் பாதிக்கு மேல் கோட்டுகள் இன்னும் கசங்கிக் கிடந்தன.

சன்னலில் அப்பா சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் முடிந்ததும் மறுபடி சிரித்தார்.

அண்ணன் வாளியிலிருந்து எழுந்து வந்து எட்டிப் பார்த்தான். அவன் முகத்தில் சந்தோஷம் தெரியுமென்று அவள் எதிர்பார்த்தாள். நெற்றிச் சுருக்கம்தான் தெரிந்தது. அதையும் அவள் நடிப்பு என்றே எடுத்துக்கொண்டாள். குனிந்து கறுப்புக் கேபிளைத் தொட்டாள். உடனே கையை எடுத்துவிட்டாள்.

"கொதிக்குது."

"கொஞ்சம் சூடாகத்தான் செய்யும்."

"கொஞ்சமா? முட்டை வேக வெக்கலாம்! வேணும்னேதான செஞ்ச?"

"வாய அலம்பிட்டுப் பேசு. அட்டையில என்ன போட்டிருக்கோ அதான் போட்டிருக்கேன். என் வேலையில கை வெச்சுக் காட்டு, ஒரு எடம் தப்புன்னு காட்டு!"

"அப்புறம் ஏன் படுத்துச்சு?"

"உன் பெட்டி பூதம். பூதத்துக்கு வேன் பத்தாது. வீட்டுலயே கெடக்கணும்னு எழுதியிருந்தா கெடக்க வேண்டியதுதான்."

"உன் பொறாம!"

"எனக்கா? உன்மேலயா?" அவன் சிரித்தான். "அப்பா, கேட்டியா? பைப்புக்குப் பட்டன்மேல பொறாமையாம்."

"எனக்கு சூப் எப்ப?" என்றார் அப்பா.

*

மறுநாள் காலை, கேபிள் கட்டியபோது மிஞ்சிய ஒரு துண்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு அவள் கேபிள் கடைக்குப் போனாள். சுவர் முழுக்க உருளைகள். நடுவில் கடைக்காரர், காலையிலேயே யாரிடமோ சண்டை போட்டு முடித்த முகத்தோடு.

"இதுல இஸ்திரி ஓடுமா?" துண்டை மேசையில் வைத்தாள்.

"கேபிள்ல எப்படி இஸ்திரி ஓடும்? பேட்டரியிலதான் ஓடும்." அவர் துண்டைத் தொடக்கூட இல்லை. "வண்டியா? வண்டியிலயே வீடு கட்டிக்கிட்டுப் போறீங்களே அந்தக் கூட்டமா? எதையாவது வாங்கிக் கட்டிட்டு அப்புறம் இங்க வந்து அழ வேண்டியது. எத்தன ஆம்பியர்?"

"நூத்தம்பது."

"எவ்ளோ தூரம்?"

"மூணரை மீட்டர்."

"போகவா, போய் வரவா?"

அவளுக்குப் புரியவில்லை. "போகத்தான். பேட்டரியிலேருந்து இன்வெர்ட்டருக்கு."

"அப்ப திரும்பி வர்றது? கரண்ட் என்ன பஸ்ஸைப் பிடிச்சா வீட்டுக்கு வரும்?" அவர் முதல்முறையாக அவளை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் பரிவு மருந்துக்கும் இல்லை. "சிவப்புல போற அத்தனையும் கறுப்புல திரும்பணும்மா. போறப்பவும் தேயும், வர்றப்பவும் தேயும். மூணரையும் மூணரையும் ஏழு. ஏழு மீட்டருக்கு அட்டையைப் பாருங்க. அம்பது போடணும். அம்பதுக்கு இருபத்தஞ்சு போட்டா கத்தாம பாட்டா பாடும்? யாரு போட்டா இதை?"

"எங்கண்ணன்."

"எலக்ட்ரீஷியனா?"

"பிளம்பர்."

"ஹும்" என்றார் கடைக்காரர். அந்த ஒரு ஹும்முக்குள் ஒரு தொழிலையே கவிழ்த்துப் போட்டுவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போனார்.

அவள் தெருவில் நடந்தாள். இல்லை, மிதந்தாள். முதலில் தன்மேல்தான் கோபம் வந்தது. துணியை மடித்துப் போட்டு அளக்கிறவள் அவள்; பாதியைக் குறித்துக்கொண்டு முழுசை மனதில் வைத்திருக்கிறவள். டேப்பின் நுனியைப் பிடித்துக்கொண்டு கிளிப்பிள்ளைபோல 'மூணரை' என்று சொல்லியிருக்கிறாளே! ஆனால் அந்தக் கோபம் அடுத்த தெருமுனை வரைக்கும்கூட வரவில்லை. அதைத் தள்ளிக்கொண்டு வேறொன்று வந்தது. அவன் வேண்டுமென்று செய்யவில்லை. அவனுக்குத் தெரியவில்லை! அவனுக்குத் தெரிந்த தண்ணீர் தொட்டியிலிருந்து குழாய்க்கு வரும். குழாயிலிருந்து சாக்கடைக்குப் போகும். வந்த தண்ணீர் வந்த வழியே தொட்டிக்குத் திரும்பி அவன் பார்த்ததே கிடையாது. கறுப்புக் கேபிளை வாங்கினான், கிளிப் அடித்தான், ரப்பர் சுற்றினான், கணக்கில் மட்டும் அதைச் சேர்க்கவில்லை. அவன் புத்தியில் அது சாக்கடைப் பக்கம்.

சாமர்த்தியசாலி அண்ணன். சின்ன வயதிலிருந்து அவளை ஒரு பொத்தானை வைத்தே அடித்துக்கொண்டிருந்தவன். அவனிடம் சொல்லப்போகிற வாக்கியத்தை அவள் வழி நெடுக விதவிதமாகத் தைத்துப் பார்த்தாள். இவ்வளவு இனிப்பான எதையும் அவள் நாக்கு இதுவரை சுமந்ததில்லை.

*

முற்றத்தில் அவன் ஒரு குழாய்க்கு மரை வெட்டிக்கொண்டிருந்தான். பக்கத்தில் எதிர்வீட்டு டீச்சர், ஒழுகுகிற தன் வீட்டுக் குழாயின் கதையைச் சொல்லிக்கொண்டு நின்றாள். சன்னலில் அப்பா. இதைவிட நல்ல கூட்டம் கிடைக்காது என்று தங்கைக்குத் தோன்றியது.

"அண்ணே, ஒரு கேள்வி. டீச்சர் வீட்டுக் குழாயில வர்ற தண்ணி அப்புறம் எங்க போகும்?"

"சாக்கடைக்கு. ஏன்?"

"திரும்பத் தொட்டிக்குப் போகாதா?"

"உனக்கு என்னடி ஆச்சு?"

"கரண்ட் திரும்பப் போகும்." அவள் கேபிள் துண்டை அவன் காலடியில் போட்டாள். "சிவப்புல வந்தது கறுப்புல திரும்பி பேட்டரிக்குப் போயே ஆகணும். அதுக்கும் தூரம் உண்டு, அதுக்கும் தேய்மானம் உண்டு. மூணரை இல்ல, ஏழு. நீ பாதிக் கணக்கு போட்டிருக்க. போடவேண்டியது அம்பது. அதான் கொதிச்சுச்சு, அதான் கத்துச்சு."

மரை வெட்டும் கை நின்றது. அவன் கண் எங்கோ காற்றில் ஒரு வகுத்தல் கணக்கைப் போடுவதை அவள் பார்த்தாள். போட்டு முடித்ததையும் பார்த்தாள். அவனுடைய இரண்டு காதும் சிவந்தன. டீச்சர் ஒரு முறை அவனையும் ஒரு முறை அவளையும் பார்த்தாள்.

"அதாவது, இவருக்குக் கணக்கு..." என்று டீச்சர் தொடங்கினாள், உதட்டில் ஒரு சின்னச் சிரிப்போடு.

"தெரியும்" என்றான் அவன்.

"என்ன தெரியும்?" என்றாள் தங்கை.

"ஏழுன்னு தெரியும். அம்பது போடணும்னு தெரியும். தெரிஞ்சுதான் இருபத்தஞ்சு போட்டேன்."

டீச்சரின் சிரிப்பு உதட்டிலேயே நின்றது.

"நேத்து அட்டையில உள்ளபடிதான் போட்டேன்னு குதிச்ச."

"பொய் சொன்னேன். வேணும்னுதான் செஞ்சேன். நீ போகக் கூடாதுன்னு செஞ்சேன். இப்ப என்ன? பைப்புக்கு வேலை தெரியாதுன்னு நெனச்சியா? இத்தன கிளிப்பு, இத்தன ரப்பரு, இவ்ளோ தெரிஞ்சவனுக்கு அது தெரியாமப் போகுமா?"

"டேய்!" சன்னலிலிருந்து அப்பா அலறினார். "வேணும்னா செஞ்ச? அப்ப நீ தோத்துட்ட! சாட்சி நான் இருக்கேன்! வேணும்னு கெடுத்தா தோத்ததா அர்த்தம்னு நீதான்டா சொன்ன!"

"ஆமா. சொன்னேன்."

அப்போதுதான் தங்கைக்கு உறைத்தது. அவள் இனிப்பாகச் சுமந்துவந்த வாக்கியத்துக்கு இரண்டு முடிவு இருந்தது. அவனுக்குத் தெரியவில்லை, அவன் கணக்கில் தவறிவிட்டான் என்று இந்தக் கூட்டத்தில் நிரூபித்தால் அவன் முட்டாள். ஆனால் பந்தயத்தில் ஜெயித்த முட்டாள்; இஸ்திரி ஓடவில்லை, வேலை நேர்மையாகத்தான் செய்தான், அவள் மிஷினில் உட்கார வேண்டியதுதான். வேண்டுமென்று செய்தான் என்று ஒப்புக்கொண்டால் அவன் கெட்டவன், தோற்றவன், அவள் போகலாம்.

அவன் இதை எல்லாம் யோசித்துத்தான் சொன்னானா? அவளைப் போக விடுவதற்கு அவன் கண்டுபிடித்த வழியா இது? அவன் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் அன்பு, தியாகம் என்று எதுவும் இல்லை. சிவந்த காதும், இறுகிய தாடையும், டீச்சர் பக்கம் திரும்பாத கண்ணும்தான் இருந்தன. ஒரு தங்கச்சியிடம், அதுவும் வாடிக்கைக்காரி முன்னால், தெரியாதவனாக நிற்பதைவிட அயோக்கியனாக நிற்பது அவனுக்குச் சுலபமாக இருந்தது. அவ்வளவுதான்.

அவளுக்கு நாக்கு துடித்தது. 'பொய். இவனுக்குத் தெரியாது. காதைப் பாருங்க!' என்று கத்தினால் போதும். சின்ன வயதிலிருந்து வாங்கியதை எல்லாம் ஒரே வாக்கியத்தில் திருப்பிக் கொடுத்துவிடலாம். கொடுத்துவிட்டு, சாயங்காலம் அப்பாவுக்கு சூப் வைக்கலாம்.

அவள் அந்த வாக்கியத்தை விழுங்கினாள். பொத்தானைவிடப் பெரிதாக இருந்தது.

"அதான பாத்தேன்" என்றாள். "வேணும்னேதான் செஞ்சிருக்க."

"ஆமா."

"அயோக்கியன்."

"இருந்துட்டுப் போறேன்."

"கூடப்பிறந்தவளுக்கே..." என்றாள் டீச்சர், நெஞ்சில் கை வைத்துக்கொண்டு.

அவன் குனிந்து துண்டை எடுத்து விரல்களுக்கு நடுவில் உருட்டினான். "அம்பது வாங்கிட்டு வா. நானே போட்டுத் தரேன். சரியா."

"நீயா?" இப்போது அவள் உதட்டில் ஒரு சிரிப்பு வந்தது. "வேணும்னு கெடுக்கறவன் கையில மறுபடியும் எப்படிக் குடுக்கறது? நான் வேற ஆளப் பாத்துக்கறேன்."

அவன் வாயைத் திறந்தான். தன் கை சுத்தம், தன் வேலை சுத்தம் என்று சொல்ல வேண்டிய வாய். சொல்ல முடியவில்லை. மூடிக்கொண்டான்.

*

கேபிள் கடைக்காரர் ஐம்பதை வெட்டி, லக் வைத்து, பெரிய இயந்திரத்தில் நெருக்கிக் கொடுத்தார், கொடுக்கும்போதும் திட்டினார். புதுக் கேபிள் பிடிவாதக்காரக் கேபிள். அவள் அதைத் தானே சக்கரமேட்டைச் சுற்றி வளைத்தாள், முட்டியால் அழுத்தியும் தோளால் முட்டியும். கிளிப்புகள் அண்ணன் அடித்ததுபோல ஒரே இடைவெளியில் இல்லை. அவன் முற்றத்தின் மறுகோடியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். ஓர் இடத்தில் அவள் கேபிளை அதிகமாக வளைத்தபோது அவன் கை தானாக உயர்ந்தது. பிறகு அந்தக் கையாலேயே காதைச் சொறிந்துகொண்டான்.

இன்வெர்ட்டர் கத்தவில்லை. டிரங்குப் பெட்டி காலியாயிற்று. கடைசிக் கோட்டை மாட்டிவிட்டுக் கேபிளைத் தொட்டுப் பார்த்தாள். வெயிலில் வைத்த தட்டின் அளவுக்குத்தான் சூடு. மேனேஜரம்மாவுக்குப் போன் செய்தாள்.

கிளம்புகிற அன்று அவள் அவனுக்கு அப்பாவைக் கற்றுக்கொடுத்தாள். எந்தப் பக்கம் திருப்பிப் படுக்க வைப்பது, எந்தப் பக்கம் வைத்தால் கத்துவார், வலியில் கத்துவதற்கும் வெறுமனே கத்துவதற்கும் என்ன வித்தியாசம்.

"ரெண்டும் ஒண்ணுதான்" என்றார் அப்பா.

"சூப்புக்கு உப்பு?" என்றான் அண்ணன்.

"நீ எவ்ளோ போட்டாலும் தப்பு."

"பரவால்ல. நான் வேணும்னேதான் போடறேன்னு சொல்லிக்கறேன்."

அவள் சட்டென்று அவனைப் பார்த்தாள். அவன் அப்பாவின் போர்வையை மடிப்பதில் மும்முரமாக இருந்தான். மடிப்பு கோணலாக இருந்தது. அவள் திருத்தவில்லை.

வேனை முற்றத்திலிருந்து பின்னோக்கி எடுத்தபோது வாசல் கதவருகே டீச்சர் கை காட்டி நிறுத்தினாள். கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்ற அண்ணனுக்குக் கேட்கும்படியாகவே, குரலைத் தாழ்த்துகிற பாவனையில் கேட்டாள்: "போறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிட்டுப் போம்மா. என் வீட்டுக் குழாய் வேலைய உங்கண்ணன்கிட்டயே குடுக்கலாமா? வேணும்னு கெடுக்கற ஆளா இருந்தா பயமா இருக்கே. இல்ல, நெஜமாவே தெரியாமத்தான் செஞ்சாரா? உண்மையச் சொல்லு."

அண்ணன் கதவின் கொண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றான். இஸ்திரி ஓடிவிட்டது, வேலை கிடைத்துவிட்டது, வண்டி பாதி தெருவில் நின்றது. இப்போது உண்மையைச் சொன்னாலும் அவளை யாரும் இறக்கிவிட முடியாது. அவள் அதையும் யோசித்தாள். நன்றாகவே யோசித்தாள்.

"தெரியாம செய்ற ஆள் இல்ல டீச்சர்" என்றாள். "வேலை அத்துப்படி. என்மேல மட்டும்தான் அவனுக்குப் பகை. உங்க குழாய்க்கு ஒண்ணும் ஆகாது."

அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். நன்றி சொல்லுகிற முகம் இல்லை அது. தன் பொய்யைக் காப்பாற்றிக் கொடுத்துக் கடைசி அடியையும் அவளே அடித்துவிட்டாள் என்கிற கோபம் அதில் நன்றாகத் தெரிந்தது. கதவை இன்னும் அகலமாகத் தள்ளிப் பிடித்தான்.

"சக்கரத்துல காத்து கம்மியா இருக்கு" என்று வேனிடம் சொன்னான்.

"போற வழியில அடிச்சுக்குவேன்" என்றாள் அவள், வேனிடமே. உள்ளிருந்து அப்பா அவர்களில் யாரையோ பெயர் சொல்லாமல் கூப்பிட்டார். இருவரும் ஒரு கணம் அசையாமல் இருந்தார்கள். பிறகு அவள் கியரைப் போட்டாள். அவன் செருப்பை உதறிவிட்டு உள்ளே போனான்.